தொட்டுக்கொள்ளத்தான் பஞ்சம்

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் முக்கூடல் பக்கம். வயசு 34. பீடி சுத்துதேன். வீட்டுக்காரர் லோடுமேன். லாரியிலிருந்து விழுந்து கால் முறிஞ்சு மூணு மாசமா வீட்ல இருக்காவ. இப்போ என் கூலி மட்டும்தான் வருமானம். மூத்தவ நாலாம் வகுப்பு, சின்னவனுக்கு மூணு வயசு. கூட அத்தையும் இருக்காவ, அவங்களுக்குச் சுகர். ரேஷன் அரிசி வாடை அடிக்கு. தண்ணியில போட்டா சில அரிசி மிதக்கு, பிளாஸ்டிக்கோன்னு பயந்து, வீட்டு வாசலுக்கு வாரவங்ககிட்ட அந்த 20 கிலோவையும் கொடுத்துட்டு, கடையில கிலோ 60 ரூபாய்க்குப் பொன்னி வாங்குதோம். கடையில என் ரேகையும் விழமாட்டேங்கு, ரெண்டு மாசம் பருப்பு, எண்ணெய் விட்டுப்போச்சு. மூத்தவளுக்கு ரத்தம் கம்மின்னு பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டரம்மா சொன்னாங்க. பள்ளிக்கூடத்துல காலையில சாப்பாடு போடுறாங்க. ஆனா அத்தை, "நாம என்ன கையேந்தியா நிக்கோம்"னு வேண்டாங்காவ. மாசக் கடைசி வந்தா கடன். பிள்ளைகளுக்குச் சத்தா எதைக் கொடுக்க? பெயர் போட வேண்டாம்.

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை பணம்தான் பிரச்சினை என்று தோன்றியது. இரண்டாம் தடவை அந்த அரிசி விஷயத்தில் கண் நின்றுவிட்டது. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

இலவசமாக வருகிற 20 கிலோவை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அதே 20 கிலோவைக் கடையில் வாங்கினால் 1,200 ரூபாய். உங்கள் வீட்டு மாசக் கடைசிக் கடன் அனேகமாக இந்த ஓட்டை வழியாகத்தான் வருகிறது. (ரேஷன் அரிசியை விற்பது குற்றம் என்பது வேறு. வாசலுக்கு வருகிறவர் ஒருநாள் மாட்டினால் உங்கள் அட்டைக்கும் வில்லங்கம்.)

மிதக்கிற அரிசி பிளாஸ்டிக் இல்லை. அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 வைட்டமின் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, திரும்பவும் அரிசி மணி போலவே மிஷினில் பிழிந்தெடுப்பது. நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் சாதா அரிசியோடு கலக்கிறார்கள். நம் ஊர் ரேஷன் கடைகளுக்கு 2023இல் இது வரத் தொடங்கியது. மாவில் செய்தது என்பதால் லேசாக இருக்கும், கொஞ்சம் நிறம் மாறித் தெரியும், சிலது மிதக்கும். சந்தேகமாக இருந்தால் பத்து மணியைப் பொறுக்கித் தனியே வேகவைத்து விரலால் நசுக்கிப் பாருங்கள், மாவாக மசிந்துவிடும். பிளாஸ்டிக் எந்தக் காலத்தில் மசிந்தது? எத்தனையோ வீட்டில் பெண்கள் மெனக்கெட்டு உட்கார்ந்து இதைப் பொறுக்கி வெளியே போடுவதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு ரத்தம் கம்மி என்று கலங்குகிற உங்கள் வீட்டிலிருந்து, இரும்புச்சத்து போட்ட அரிசி மூட்டையோடு வெளியே போகிறது.

அந்த அரிசி மட்டும் ரத்தசோகையைச் சரிசெய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மகளுக்கு டாக்டரம்மா மாத்திரை கொடுத்திருந்தால் அதை விடாமல் கொடுங்கள். மாத்திரை கொடுத்த கையோடு டீ கொடுக்காதீர்கள், சாப்பாட்டோடும் வேண்டாம். இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை டீ தடுக்கும். பீடி சுத்துகிற வீட்டில் டீ இல்லாமல் பொழுது விடியாது, எனக்குத் தெரியும். நீங்கள் குடியுங்கள். பிள்ளைக்குக் காலையில் டீயும் பன்னும் மட்டும் கொடுத்து அனுப்புகிற பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள்.

வாடைக்கு வழி இருக்கிறது. அரிசியை வாங்கி வந்ததும் முற்றத்தில் நிழலில் பரப்பி ஒரு பகல் காற்றாட விடுங்கள். சமைக்கும்முன் அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டு தண்ணீரில் அலசினால் போதும். ஐந்தாறு தடவை கழுவினால் சத்தும் தண்ணீரோடு போய்விடும். வடித்த கஞ்சியையும் கொட்டாமல் உப்புப் போட்டு ஆளுக்கு ஒரு டம்ளர் குடியுங்கள். பச்சரிசி இருப்பு இருந்தால் அதில் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். புழுங்கலரிசி இட்லிக்கு நன்றாகவே வரும்.

வாடை என்ற பேச்சே எழாத ஒரு சாப்பாடு நம் பக்கத்தில் இருக்கிறது: உளுந்தஞ்சோறு. இரண்டு உழக்கு ரேஷன் அரிசிக்கு ஒரு உழக்கு தொலி உளுந்து (தோல் நீக்காத கறுப்பு உளுந்து). உளுந்தை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, அரிசியோடு கழுவி, ஒரு சின்னக் கரண்டி வெந்தயம், பத்துப் பல் வெள்ளைப்பூடு, துருவிய தேங்காய், உப்பு எல்லாம் போட்டுக் குக்கரில் வைத்துவிடுங்கள். வெந்தயமும் பூடும் வெந்து வருகிற மணத்தில் எந்த அரிசி என்று உங்கள் அத்தையாலேயே சொல்ல முடியாது. கஞ்சி வடிக்கிற வேலையும் இல்லை, எல்லாச் சத்தும் சட்டியிலேயே இருக்கும். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். எள்ளைப் பொரியவிட்டு, மிளகாய் வத்தல், புளி, உப்பு, கொஞ்சம் தேங்காய் வைத்து அரைத்தது. பிள்ளைகளுக்கு வத்தலைக் குறைத்துக்கொள்ளுங்கள். வயசுக்கு வந்த பிள்ளைக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்த ஊர் நம்முடையது. உளுந்தின் அருமையை உங்கள் அத்தைக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சோற்றுக்கு உங்கள் வீட்டில் பஞ்சம் கிடையாது. தொட்டுக்கொள்ளத்தான் பஞ்சம். ஒரு குண்டான் சோறு, தண்ணியாகக் குழம்பு, ஒரு அப்பளம் என்று முடிந்துவிடுகிறது. பொன்னிக்குப் போகிற 1,200 ரூபாயை அப்படியே தட்டின் அந்தப் பக்கத்துக்குத் திருப்புங்கள். காணம் (கொள்ளு), சிறுபயறு, தட்டைப்பயறு, மொச்சை என்று ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ மாதத் தொடக்கத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள். ராத்திரி ஒரு கைப்பிடி ஊறப்போட்டால் மறுநாள் குழம்பு தயார். காணத்தை வறுத்துத் துவையலும் அரைக்கலாம். முருங்கைக்கீரையைக் காசு கொடுத்து வாங்குகிற நிலை இன்னும் நம் கிராமங்களுக்கு வரவில்லை, பக்கத்து வீட்டில் ஒரு கொப்பு கேட்டால் யார் தரமாட்டார்கள்? வாரம் ஒருநாள் அதை உருவிப் போட்டுக் கூட்டாஞ்சோறு. சாளை (மத்தி மீன்) மலிந்து வருகிற நாளில் வண்டியில் வருகிற மீன்காரரிடம் அதையே வாங்குங்கள், சீலாவையும் பாறையையும் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டாம். சத்தில் சாளை அவற்றுக்குக் குறைந்ததில்லை. டப்பாவில் விற்கிற சத்துப் பவுடர் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். அந்த விலைக்கு எத்தனை முட்டை வரும் என்று கடைக்காரரிடமே கேட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் அத்தையின் பேச்சுக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்துச் சாப்பாடு கையேந்துவது இல்லை. திருச்செந்தூரில் 2021இலிருந்து நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது. அங்கே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்து, "முருகன் சோறு" என்று பெருமையாகச் சொல்கிறோம். அங்கே வராத வெட்கம் பிள்ளை படிக்கிற இடத்தில் ஏன் வர வேண்டும்? காமராசர் 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தபோது அந்த ஊர் நம் திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. உங்கள் அத்தை பள்ளிக்கூடம் போயிருந்தால் அவரே அதைச் சாப்பிட்டிருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். நான் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவள். பைக்குள் அலுமினியத் தட்டு கிடந்து சிலேட்டோடு இடித்துச் சத்தம் போடும். அந்தச் சத்தத்தை வைத்தே நாங்கள் வருவது வாத்தியாருக்குத் தெரிந்துவிடும். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் அதே வரிசையில்தான் நின்றார்கள்.

கணக்காகவும் பாருங்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் உண்டு. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று, சாம்பாரில் காயும் கிடக்கும். மதியம் சத்துணவில் பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டை. ஆக மூத்தவளுக்கு வாரத்தில் ஐந்து நாள் இரண்டு வேளைச் சாப்பாடும் ஐந்து முட்டையும் பள்ளிக்கூடத்திலேயே ஆகிவிடுகிறது. வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது ராத்திரிச் சாப்பாடும் சனி, ஞாயிறும். ஆறாம் வகுப்புக்குப் போனால் காலை உணவு நின்றுவிடும், இப்போது விட்டால் அந்த நாள்கள் திரும்ப வராது.

சின்னவன் அங்கன்வாடிக்குப் போகிறானா என்று நீங்கள் எழுதவே இல்லை. போகாவிட்டால் நாளைக்கே சேருங்கள். மதியச் சாப்பாடு உண்டு, முட்டை உண்டு, எடை போட்டுப் பார்த்து எழுதிவைப்பார்கள். அவன் அங்கே இருக்கிற நேரத்தில் உங்களுக்கும் பீடித் தட்டை மடியில் வைத்து நிம்மதியாகச் சுத்த முடியும். ஒன்று சொல்ல விட்டுப்போனது: புகையிலைத்தூள் கையோடு பிள்ளைக்கு ஊட்டாதீர்கள், அடுப்படிக்கும் போகாதீர்கள். சோப்புப் போட்டு நகக்கண்வரை கழுவிவிட்டுப் போங்கள்.

ரேகை விழாதது உங்கள் ஒருத்திக்கு மட்டும் உள்ள தொல்லை இல்லை, இலை தேய்த்துத் தேய்த்துப் பீடிக்காரப் பெண்கள் பலருக்கும் விரல் மழுங்கிப்போயிருக்கிறது. அட்டையில் பெயர் உள்ள யார் ரேகை வைத்தாலும் பொருள் தர வேண்டும். அத்தையை அனுப்புங்கள், அல்லது வீட்டுக்காரரை ஆட்டோவில் ஒருநாள் கூட்டிப்போங்கள். கண் விழியைப் பார்த்துப் பதிகிற கருவியும் இப்போது கடைகளுக்கு வந்திருக்கிறது, இருக்கிறதா என்று கேளுங்கள். ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்தும் வைத்துக்கொள்ளுங்கள். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இந்த விலைக்கு வெளியில் எங்கே கிடைக்கும்? இரண்டு மாதம் விட்டதே பெரிய நஷ்டம். வாங்காத பொருளை வாங்கியதாகப் போனில் மெசேஜ் வந்தால் சும்மா இருக்காதீர்கள், 1967க்கு அடித்துச் சொல்லுங்கள். காசு கிடையாது.

அத்தைக்குச் சுகர் என்பதால், அட்டைக்கு உரிய அரிசியில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கோதுமை கேட்டு வாங்கலாம், அதுவும் இலவசம்தான். ராத்திரிக்குச் சப்பாத்தியோ கோதுமைக் கஞ்சியோ வைத்துவிடலாம். ஆனால் கோதுமை என்றால் சுகர் ஏறாது என்று நினைத்து ஆறேழு சப்பாத்தி சாப்பிடுகிற மாமியார்களை எனக்குத் தெரியும். அளவு முக்கியம், கூடவே பயறும் காயும் வேண்டும்.

வீட்டுக்காரரைக் காலுக்குக் காட்ட திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் ஹோட்டலில் எவ்வளவு போகிறது என்று எண்ணிப் பார்த்தீர்களா? மாநகராட்சியின் அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். பக்கத்தில் எது இருக்கிறது என்று வாசலில் நிற்கிற ஆட்டோக்காரரிடம் கேளுங்கள், காட்டிவிடுவார். மகளிர் உரிமைத்தொகை உங்களுக்கு வருகிறதா என்பதையும் எழுதவில்லை. வராவிட்டால் ஈ-சேவை மையத்தில் ஏன் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சின்னவன் பெயரை அட்டையில் ஏற்றியாகிவிட்டதா? நிறையப் பேர் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது வரை இதைத் தள்ளிப்போடுகிறார்கள். ஏற்றாவிட்டால் பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் கொண்டு ஈ-சேவையில் பதியலாம். இல்லையென்றால் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை தாலுகா அளவில் ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும், பெயர் சேர்ப்பது, ரேகைத் தொல்லை இரண்டையும் அங்கே ஒரே நாளில் சொல்லிவிடலாம். பெயர் சேர்க்க அட்டையின் நகல் கேட்பார்கள், முந்தின நாளே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலையில் ஜெராக்ஸ் கடையில் கூட்டம் தாங்காது.