பபிதா – கடிதம்

அன்புள்ள சார்,

சென்ற வாரம் சத்யஜித் ராயின் ‘அஷானி சங்கேத்’ பார்த்தேன். அனங்காவாக வரும் அந்தப் பெண் மனதை விட்டுப் போகவில்லை. ஆனால் ஓர் உறுத்தல். பஞ்சத்தைப் பற்றிய படத்தில் இவ்வளவு அழகான முகம் எதற்கு? பபிதா என்று பெயர் போட்டிருந்தார்கள். ராயின் வேறு படங்களில் அவரைப் பார்த்த நினைவில்லை. ஒரே படத்தோடு காணாமல் போய்விட்டாரா?

ஆர்., கோவில்பட்டி

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியை டாக்காவில் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். பபிதா அங்கே 200 படங்களுக்கு மேல் நடித்த நட்சத்திரம். வங்கதேசம் 1975 முதல் தேசியத் திரைப்பட விருது கொடுக்க ஆரம்பித்தது. முதல் மூன்று வருடங்களும் சிறந்த நடிகை அவர்தான்.

இயற்பெயர் ஃபரீதா அக்தர், வீட்டில் பாப்பி. அக்கா சுச்சந்தாவும் தங்கை சம்பாவும்கூட நடிகைகள். சினிமாவுக்குக் கூட்டிவந்தவர் அக்காவின் கணவர், இயக்குநர் ஜஹீர் ராய்ஹான். 1968இல் வந்த முதல் படத்தில் நடிகர் ராஜ்ஜாக்குக்கு மகள். 1969இல் அதே ராஜ்ஜாக்குக்கு ஜோடி! (சினிமாவில் பெண்களுக்கு மட்டும் வயது இப்படித் தாவும்.)

1971 டிசம்பர் 14 அன்று, வங்கதேச சுதந்திரத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஜஹீரின் அண்ணன், எழுத்தாளர் ஷஹீதுல்லா கைசரைக் கடத்திக்கொண்டு போனார்கள். அவரைத் தேடி 1972 ஜனவரி 30 அன்று டாக்காவின் மீர்ப்பூர் பகுதிக்குப் போன ஜஹீரும் திரும்பவில்லை. அந்த வருடம்தான் பபிதா எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்கு ராய் படத்தில் நடிக்கப் போனார். வயது இருபதுகூட ஆகவில்லை. படம் 1973இல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது வாங்கியது.

இனி உங்கள் உறுத்தல். வறண்ட வயலும் எலும்புக்கூடுகளும் வரும் என்று எதிர்பார்த்திருக்கிறீர்கள். 1943 வங்கப் பஞ்சம் மழை பொய்த்து வந்ததல்ல. பர்மாவை ஜப்பான் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. படைக்கென்று அரசு வாங்கிக் குவித்தது, வியாபாரிகள் பதுக்கினார்கள், விலை ஏறிக்கொண்டே போனது. வயல் பச்சையாக இருக்கும்போதே ஜனங்கள் செத்தார்கள். அதனால்தான் ராய் இதை வண்ணத்தில் எடுத்தார் என்று நினைக்கிறேன். ஆரம்பத்தை இன்னொரு முறை பாருங்கள். ஆற்றில் குளிக்கும் அனங்காவின் கை தண்ணீரை அளைகிறது. மேலே போர் விமானங்கள் போகின்றன. கொக்குக் கூட்டம் போல எவ்வளவு அழகு என்கிறாள். பிறகு அதே பெண், பிராமண வாத்தியாரின் மனைவி, அரிசிக்காக நெல் குத்தப் போகிறாள். முகம் அப்போதும் அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு அதுதான் வலித்தது. (படத்தின் பெயரில் வரும் ‘அஷானி’ இடி. அசனி என்றால் நம் பழைய அகராதிகளிலும் இடிதான்.)

அடுத்து அம்ஜத் ஹுசைனின் ‘கோலாபி ஏகொன் ட்ரெய்னே’ கிடைத்தால் பாருங்கள். 1978இல் வந்தது. பிழைப்புக்காக ரயிலேறும் கிராமத்துப் பெண்ணாகப் பபிதா. பாட்டு, கண்ணீர், உரத்த வசனம் எல்லாம் உண்டு, முகம் சுளிக்காமல் உட்காருங்கள். ராயிடம் பார்த்த அடக்கம் இதில் இருக்காது. வேறொரு நடிகையைப் பார்ப்பீர்கள். அந்த வருடம் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குத்தான். நடிகை விருது மட்டும் அந்த முறை கபோரிக்குப் போனது, ‘சாரெங் போவ்’ படத்துக்காக. அது ஷஹீதுல்லா கைசரின் நாவல்.