ஸ்ட்ரிங்கை இரண்டிரண்டாகப் பிரித்தால் முதல் துண்டு மட்டும் வருவது ஏன்?

பைத்தானில் ஒரு சொல்லை இரண்டிரண்டு எழுத்தாகப் பிரிக்க வேண்டும், கடைசியில் ஒன்று மிஞ்சினால் அதோடு அண்டர்ஸ்கோர் (_) சேர்க்க வேண்டும், ஆனால் முதல் துண்டு மட்டும்தான் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒட்டிய நிரல் ஒரே பத்தியாகிவிட்டதற்கு மன்னிப்பும் கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டும் ஒரே விஷயம் என்றுதான் நினைக்கிறேன்.

பைத்தானில் வரிக்கு முன்னால் விடும் இடைவெளிக்கு அர்த்தம் உண்டு. விடையைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் வரி, திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் தள்ளி நின்றால், முதல் சுற்றிலேயே ஃபங்ஷன் முடிந்துவிடும். லூப்புக்கு நேராக வெளியே நின்றால் எல்லாத் துண்டுகளும் சேர்ந்த பிறகு முடியும். இதே தவறில் நான் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். கணக்கை மாற்றி மாற்றிப் பார்த்தேன், ரிட்டர்னுக்கு முன்னால் கூடுதலாக இருந்த நான்கு இடைவெளியைப் பார்க்கவில்லை. உங்கள் பதிவில் அந்த இடைவெளிகள்தான் தொலைந்துவிட்டன. அதனால் படிக்கிற யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

வடிவம் இப்படி இருக்க வேண்டும்:

    துண்டுகள் = காலிப் பட்டியல்
    இடம் 0 முதல் இரண்டிரண்டாகத் தாண்டி, சொல் முடியும்வரை:
        இடத்திலிருந்து இரண்டு எழுத்தை வெட்டு
        துண்டுகளில் சேர்
    துண்டுகளை ரிட்டர்ன் செய்

மிஞ்சும் எழுத்துக்கு லூப்புக்குள் இஃப் எல்லாம் வேண்டாம். சொல்லின் நீளம் ஒற்றைப்படையா என்று தொடக்கத்திலேயே பார்த்து, ஆமென்றால் அண்டர்ஸ்கோரை ஒட்டிவிட்டு அப்புறம் வெட்டுங்கள். எனக்குப் பிடித்த வழி இதுதான், படிப்பவருக்கு உடனே புரியும். ஒட்ட மறந்தாலும் பைத்தான் எரர் தராது. ஸ்லைஸ், அதாவது வெட்டும் பகுதி, சொல்லின் எல்லையைத் தாண்டினால் இருப்பதை மட்டும் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். அதனால் காலி ஸ்ட்ரிங் (எழுத்தே இல்லாத சொல்), ஓரெழுத்து, இரண்டெழுத்து, மூன்றெழுத்து என்று நான்கையும் கொடுத்துப் பாருங்கள். காலிக்குக் காலிப் பட்டியல் வர வேண்டும்.

ஒன்று கவனியுங்கள், தமிழ்ச் சொல்லைக் கொடுத்துச் சோதிக்காதீர்கள். ‘அம்மா’ நமக்கு மூன்று எழுத்து, பைத்தானுக்கு நீளம் 5. அ, ம, புள்ளி, ம, கால் என்று தனித்தனியாக எண்ணும். இரண்டிரண்டாக வெட்டினால் புள்ளி ஒரு துண்டிலும் அதன் மகரம் இன்னொரு துண்டிலும் போய் விழும். உங்கள் நிரல் சரியாக இருந்தாலும் தப்பு மாதிரித் தெரியும்.

சரி, நிரலை ஒட்டுவது எப்படி? மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையை ஏற்கும் இடங்களில் நிரலுக்கு மேலே தனி வரியில் மூன்று பேக்டிக் (`), கீழே தனி வரியில் மூன்று பேக்டிக். மேலே இருக்கும் மூன்றை ஒட்டியே மொழியின் பெயரையும் எழுதினால் பெரும்பாலும் வண்ணமும் கிடைக்கும். டேபையும் ஸ்பேஸையும் கலக்காதீர்கள், பைத்தான் 3 அதை ஏற்காமல் போகலாம். வேர்ட் போன்ற எழுதும் மென்பொருள் வழியாகக் கொண்டுவந்தால் நேர் மேற்கோள் வளைந்த மேற்கோளாக மாறிவிடலாம், மாறினால் எடுத்து ஓட்டிப் பார்ப்பவருக்குச் சின்டாக்ஸ் எரர்தான் வரும். ஸ்கிரீன்ஷாட் வேண்டவே வேண்டாம், அதிலிருந்து நிரலைச் சரியாகக் காப்பி செய்வது கடினம்.

நிரலோடு கொடுத்த உள்ளீடு, வந்த விடை, எதிர்பார்த்த விடை மூன்றையும் எழுதி மறுபடி போடுங்கள். ரிட்டர்ன் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.