சந்தா பில் என்று வருவதெல்லாம் பில் இல்லை

அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களிடமிருந்து பத்திரிகை சந்தா பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஐம்பது டாலர், எண்பது டாலர் என்று தொகை சின்னதாக இருப்பதால் பலர் யோசிக்காமல் செக் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். இந்த ஏமாற்று நடப்பதே அந்தச் சின்னத் தொகையை நம்பித்தான், அதனால் தயவுசெய்து கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): வணக்கம் அண்ணா. நாங்கள் வாங்கும் வார இதழுக்கு "புதுப்பித்தல் அறிவிப்பு" என்று ஒரு தபால் வந்தது. கணக்கு எண், கட்ட வேண்டிய தேதி, கிழித்து அனுப்பும் சீட்டு எல்லாம் இருக்கிறது. தொகை போன வருடத்தைவிட மிக அதிகம். அனுப்பியவர் பெயரும் பத்திரிகையின் பெயர் இல்லை. கட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். முதலில், கடைசியாக வந்த இதழை எடுத்து உங்கள் முகவரி ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். பெரும்பாலான அமெரிக்க இதழ்களில் உங்கள் பெயருக்கு மேலேயோ பக்கத்திலேயோ சந்தா முடியும் மாதமும் வருடமும் சுருக்கமாக அச்சாகியிருக்கும். அது இன்னும் பத்து மாதம் கழித்து என்றால், "உடனே புதுப்பியுங்கள்" என்று ஒரு கடிதம் அவசரப்படுத்துவதில் அர்த்தமே இல்லை. அப்புறம் இதழின் உள்பக்கத்தில் ஆசிரியர் குழு பெயர்கள் இருக்கும் இடத்துக்கு அருகே சந்தா சேவைக்கான எண்ணும் முகவரியும் இருக்கும். அந்த எண்ணைக் கூப்பிட்டு "இந்தக் கடிதம் நீங்கள் அனுப்பியதா, இன்றைய புதுப்பித்தல் விலை என்ன" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். தபாலில் வந்த எண்ணைக் கூப்பிட வேண்டாம், அங்கே எடுப்பவர் ஆமாம் என்றுதான் சொல்லுவார்.

ஒரு எச்சரிக்கை. தெரியாத ஊரிலிருந்து வந்திருக்கிறது என்பதாலேயே அது மோசடி ஆகிவிடாது. இங்கே பல நல்ல பத்திரிகைகளே சந்தா வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுத்திருக்கின்றன. நியூயார்க்கில் தயாராகும் இதழுக்கு அயோவாவிலிருந்தோ ஃப்ளோரிடாவின் பாம் கோஸ்டிலிருந்தோ கடிதம் வருவது சாதாரணம். அதனால்தான் இதழில் அச்சிட்ட எண்ணில் கேட்கச் சொல்கிறேன்.

உங்களுக்கு வந்த மாதிரிக் கடிதங்களை வைத்து ஆரிகனில் ஒரு கும்பல் பெரிய அளவில் தொழில் நடத்தியது. வால் ஸ்ட்ரீட் ஜர்னல், நியூயார்க் டைம்ஸ் உட்பட ஏகப்பட்ட நாளிதழ்களின் சந்தாதாரர்களுக்கு, அந்தப் பத்திரிகைகளோடு எந்தச் சம்பந்தமும் அனுமதியும் இல்லாமல், பல பெயர்களில் புதுப்பித்தல் அறிவிப்பு அனுப்பினார்கள். உண்மையான சந்தா விலையைவிட அதிகம் வாங்கிக்கொண்டு, சிலருக்கு மட்டும் பத்திரிகைக்குக் குறைந்த விலையைக் கட்டிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்களின் பணம் போனது போனதுதான். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. 2016-ல் வழக்குப் போட்டது, 2019-ல் நீதிமன்றம் 89 லட்சம் டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. அந்தக் கும்பலைப் பெயரை வைத்து அடையாளம் காண முடியாதபடிக்குப் பெயர்களை மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அனுப்பியவர் பெயரை இணையத்தில் தேடி "ஒன்றும் தப்பாக வரவில்லையே" என்று நிம்மதி அடைவது இங்கே போதாது.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. பில் மாதிரித் தோற்றத்தில் ஒரு விற்பனைக் கடிதத்தைத் தபாலில் அனுப்பினால், இது விற்பனைக்கான அழைப்பு, பில் அல்ல, நீங்களாக ஏற்றுக்கொண்டால் தவிர எதுவும் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை என்று முகப்பிலேயே பளிச்சென்று அச்சிட வேண்டும் என்பது அமெரிக்க அஞ்சல் சட்டம். உங்கள் கடிதத்தில் இந்த வாசகம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பின்பக்கத்தில் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் ஒளித்திருந்தால் அவர்கள் நோக்கம் என்னவென்று உங்களுக்கே புரியும்.

கேள்வி (டாலஸ்): நீங்கள் சொல்வதற்கு முன்னாலேயே செக் அனுப்பிவிட்டேன். இனி என்ன செய்ய?

பதில்: வங்கிக் கணக்கை இப்போதே பாருங்கள். செக் இன்னும் பாஸ் ஆகவில்லை என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு வங்கி ஒரு கட்டணம் எடுக்கும், பரவாயில்லை, அவர்கள் கேட்ட தொகையைவிடக் குறைவாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

பாஸ் ஆகிவிட்டதென்றால் அனுப்பியவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், போனில் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். இந்தக் கடிதத்தைப் பத்திரிகையே அனுப்பியது என்று நம்பிப் பணம் அனுப்பினேன், ஆர்டரை ரத்து செய்கிறேன், முழுத் தொகையும் இன்ன தேதிக்குள் வர வேண்டும், வராவிட்டால் மாநில அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) அலுவலகத்திலும் அஞ்சல் புலனாய்வுத் துறையிலும் புகார் கொடுப்பேன் என்று எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் தபாலில் அனுப்புங்கள். ரத்துக் கட்டணம் என்று பிடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள், ஒப்புக்கொள்ள வேண்டாம். அதோடு பத்திரிகையின் சந்தா அலுவலகத்துக்கும் தகவல் சொல்லுங்கள். இப்படி வரும் ஆர்டர்களைத் திருப்பி அனுப்பும் பத்திரிகைகள் உண்டு.

புகார் கொடுக்கும்போது எஃப்.டி.சி.யோடு நின்றுவிடாதீர்கள். அது புகார்களைச் சேர்த்து பெரிய வழக்குப் போடும், உங்கள் ஒருவருடைய பணத்தை வாங்கித் தர உட்காராது. மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவு பல மாநிலங்களில் நிறுவனத்துக்கு எழுதி நேரடியாகப் பதில் கேட்கும், அந்த ஒரு கடிதத்துக்கே பணம் திரும்பி வருவது உண்டு. அவர்கள் அனுப்பிய கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தபால் முத்திரையோடு அதுவும் ஆதாரம்தான்.

கேள்வி (டெட்ராய்ட் பக்கம்): அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது, பகலில் வீட்டில் தனியாக இருப்பார். "நீங்கள் வாங்கும் பத்திரிகைகளின் மாதத் தொகையைக் குறைத்துத் தருகிறோம்" என்று யாரோ போனில் பேசி கார்டு எண்ணை வாங்கியிருக்கிறார்கள். இப்போது மாதாமாதம் பணம் போகிறது. அம்மா பயந்து என்னிடம் சொல்லவே இல்லை.

பதில்: முதலில் அம்மாவிடம் கோபப்படாதீர்கள். இது அவருடைய தவறே இல்லை. 2020 அக்டோபரில் மினசோட்டாவில் மத்திய அரசு வழக்கறிஞர்கள் இதே வேலைக்காக 60 பேர் மீது வழக்குப் போட்டார்கள். மோசடியின் அளவு 30 கோடி டாலர், ஏமாந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், பெரும்பாலும் வயதானவர்கள். அதில் நடந்த விதம் உங்கள் அம்மாவுக்கு நடந்தது மாதிரியே இருக்கும்: ஏற்கெனவே சந்தா கட்டுகிறவர்களின் பட்டியலை விலைக்கு வாங்கி, அவர்களுடைய பழைய பத்திரிகை நிறுவனம் மாதிரிப் பேசி, தொகையைக் குறைப்பதாகச் சொல்லிப் புது சந்தாவில் சேர்த்துவிடுவது. இதில் இன்னும் கொடுமை என்னவென்றால், ஒரு தடவை ஏமாந்தவரின் பெயர் இன்னொரு கம்பெனிக்குப் போகும், அப்படி ஒரே ஆளிடம் ஒரே சமயத்தில் பல கம்பெனிகள் பணம் எடுத்திருக்கின்றன. அதற்கப்புறம் "ரத்துப் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் பேரில் பெரிய பாக்கி இருக்கிறது, இவ்வளவு கட்டினால் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறோம்" என்று வேறொருவர் கூப்பிடுவார். அதுவும் அதே மோசடியின் அடுத்த கட்டம். இப்படி ஒரு அழைப்பு வந்தால் பதிலே பேசாமல் வைத்துவிடச் சொல்லுங்கள்.

அதனால் ஒரு வருடத்து ஸ்டேட்மெண்ட்டை எடுத்து அம்மாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள், ஒரு பெயரோடு நிற்காது என்று நினைத்தே பாருங்கள். கிரெடிட் கார்டு என்றால் உடனே கார்டு வங்கிக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். தொகை காட்டிய முதல் ஸ்டேட்மெண்ட் அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் அவர்கள் கையில் கிடைக்க வேண்டும், பணம் கட்டும் முகவரிக்கு அல்ல, பில் விசாரணைக்கு என்று தனியாகப் போட்டிருக்கும் முகவரிக்கு. விசாரணை முடியும் வரை ஆட்சேபித்த தொகையைக் கட்ட வேண்டியதில்லை. வங்கி 30 நாளில் பதில் அனுப்பி, அதிகபட்சம் 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். 60 நாள் தாண்டிய பழைய தொகைகளையும் பட்டியல் போட்டுக் கேளுங்கள், சட்டப்படி கட்டாயம் இல்லாவிட்டாலும் வயதானவர் ஏமாற்றப்பட்டார் என்று விளக்கினால் சில வங்கிகள் பார்க்கும்.

வங்கிக் கணக்கிலிருந்தே நேராக எடுக்கிறார்கள் என்றால், அடுத்த தேதிக்கு மூன்று வேலைநாள் முன்னாலேயே நிறுத்தச் சொல்லி வங்கியில் உத்தரவு கொடுக்கலாம். வாயால் சொல்லிவிட்டு எழுத்திலும் கொடுங்கள். கார்டை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் புதுக் கார்டு எண்ணைப் பழைய வியாபாரிகளுக்குத் தானாகவே தெரிவிக்கும் வசதி இருக்கிறது. அந்தத் தானியங்கிப் புதுப்பிப்பு வேண்டாம் என்று வங்கியிடம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"நீங்கள் ஆமாம் சொன்ன ரெக்கார்டிங் எங்களிடம் இருக்கிறது" என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். பொய் சொல்லி வாங்கிய சம்மதம் சம்மதம் ஆகாது. அமெரிக்க நீதித்துறை முதியோர் மோசடிக்கென்றே 833-372-8311 என்ற எண்ணை வைத்திருக்கிறது, ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கும் உதவி உண்டு. நீங்கள் பக்கத்தில் இருந்து அம்மாவையே பேசச் சொல்லுங்கள்.

கேள்வி (ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா): ஆன்லைனில் ஏதோ வாங்கியபோது "மூன்று இதழ்கள் இலவசம்" என்று வந்தது, சரி என்று அழுத்தினேன். ஒரு வருடம் கழித்து கார்டில் பணம் எடுத்திருக்கிறார்கள். நான்தானே அழுத்தினேன், கேட்க முடியுமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். 2010-ல் வந்த மத்தியச் சட்டப்படி, இணையத்தில் இப்படி விற்பவர் கார்டு எண்ணை வாங்கும் முன்னாலேயே நிபந்தனைகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் சம்மதத்தை வெளிப்படையாக வாங்க வேண்டும், நிறுத்துவதற்கு எளிய வழி தர வேண்டும். உங்கள் மாநிலத்தில் இன்னும் கடுமை: ஆன்லைனில் சேர்ந்தவர் ஆன்லைனிலேயே விலக முடிய வேண்டும். எஃப்.டி.சி. 2024-ல் அறிவித்த "ஒரே கிளிக்கில் ரத்து" விதியை 2025 ஜூலையில் நீதிமன்றம் தள்ளிவிட்டது என்று செய்தி படித்துவிட்டு, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை, 2010 சட்டம் அப்படியே இருக்கிறது. அதே 2025 செப்டம்பரில் அமேசான் தன் பிரைம் சந்தா விவகாரத்தில் 250 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது அந்தச் சட்டத்தின் கீழ் போட்ட வழக்கில்தான்.

சந்தாவை ரத்து செய்து, உறுதி செய்யும் மின்னஞ்சலைச் சேமித்து, இந்த வருடத் தொகையைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் கார்டு வங்கி, அதே 60 நாள் கணக்கு.

கேள்வி: அப்பா மதுரையில் இருக்கிறார். அவருடைய இந்திய கார்டில் ஒரு அமெரிக்க டிஜிட்டல் இதழுக்குப் பணம் போகிறது. இந்தச் சட்டமெல்லாம் பொருந்துமா?

பதில்: அவருக்கு ரிசர்வ் வங்கியின் விதிதான் கைகொடுக்கும். 2021 அக்டோபரிலிருந்து, கார்டில் தானாக எடுக்கும் தொகைக்கு 24 மணி நேரம் முன்னாலேயே வங்கி தகவல் அனுப்ப வேண்டும், அதிலேயே வேண்டாம் என்று சொல்ல வழி இருக்க வேண்டும். வங்கித் தளத்தில் அப்பா பேரில் பதிவான இ-மேண்டேட் (தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதி) பட்டியலைத் திறந்து அங்கேயே ரத்து செய்துவிடலாம். வங்கி இழுத்தடித்தால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி (அட்லாண்டா): நாங்கள் ஆர்டரே செய்யாத இதழ் சில மாதமாக வருகிறது. இப்போது வசூல் நிறுவனம் ஒன்று பாக்கி கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறது. கிரெடிட் ஸ்கோர் கெட்டுவிடுமோ என்று கணவர் கட்டிவிடச் சொல்கிறார்.

பதில்: கட்டாதீர்கள். கேட்காமல் அனுப்பிய பொருள் பரிசு மாதிரி, வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பில் அனுப்புவதே தவறு என்று 1970-லிருந்து அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. முதலில் வீட்டில் யாராவது "பிறகு கட்டுகிறேன்" என்ற அட்டையில் டிக் போட்டு அனுப்பினார்களா என்று கேட்டுப் பாருங்கள், பிள்ளைகளின் பள்ளி நிதி திரட்டலில்கூட இப்படி நடக்கும். அப்படி எதுவும் இல்லையென்றால், வசூல் நிறுவனத்தின் அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள்: இந்தக் கடனை ஒப்புக்கொள்ளவில்லை, நான் ஆர்டர் செய்ததற்கு ஆதாரம் அனுப்புங்கள் என்று. ஆதாரம் தரும் வரை அவர்கள் வசூலை நிறுத்தியே ஆக வேண்டும். போனில் "கொஞ்சம் கட்டிவிடுங்கள், மீதியைப் பார்க்கலாம்" என்பார்கள், ஐந்து டாலர்கூட அனுப்பாதீர்கள், பாதி கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

அதோடு நம் கடன் விவரங்களைப் பதிவு செய்து வைக்கும் மூன்று கிரெடிட் நிறுவனங்களின் அறிக்கைகளையும் இலவசமாக எடுத்துப் பார்த்துவிடுங்கள். அங்கே இந்தக் கடன் ஏறியிருந்தால் மறுப்புக் கடிதத்தின் நகலை வைத்து அந்தக் கிரெடிட் நிறுவனத்திடமே ஆட்சேபம் போடலாம், பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும். இதழ் இனி வராமல் இருக்கப் பத்திரிகை அலுவலகத்துக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.