மாரியில் ஏறும், கச்சானில் இறங்கும்

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் கடலுக்குக் கிட்ட எங்கள் வீடு. மாமா விட்டுப்போன பழைய அப்ரைட் பியானோ ஒன்று இருக்கிறது. ஜனவரியில் கொழும்பிலிருந்து ஒருவரை வரவழைத்து டியூன் செய்தோம். ஜூலையில் மகள் வாசித்தபோது நடுப்பகுதி இறங்கிக் கேட்டது. மாரி வந்தால் சில கட்டைகள் அமுக்கியபடியே நின்றுவிடுகின்றன. செய்தவர் சரியாகச் செய்யவில்லையா? டியூன் செய்கிற லீவர் வாங்கி நாங்களே செய்யலாமா?

பதில்: அவர்மேல் பழிபோட முதல் ஒரு சோதனை செய்து பாருங்கள். நடுப்பகுதியில் ஒரு கட்டைக்கு மூன்று கம்பிகள். ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு காது கொடுங்கள். மூன்றும் ஒன்றாக நின்றால் ஒலி நேராக அடங்கிப்போகும். ஒன்று விலகியிருந்தால் “வாங்… வாங்…” என்று அலை அடிக்கும். ஒரு கம்பி நொடிக்கு 440 தடவையும் பக்கத்துக் கம்பி 441 தடவையும் அதிர்ந்தால் நொடிக்கு ஓர் அலை. டியூனர் காதால் எண்ணுவது இதைத்தான்.

அலை பெரிதாக இல்லை, ஆனால் நடுப்பகுதி முழுக்க ஒன்றாக இறங்கியிருக்கிறது என்றால் அது காலநிலையின் வேலை. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில கட்டைகள் மட்டும் அலையடித்தால் அந்தக் கம்பிகளைச் சுற்றி இறுக்கும் முளை தளர்ந்திருக்கலாம், அல்லது முளையை அவர் சரியாக நிலைநிறுத்தாமல் போயிருக்கலாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதலாவதுதான் என்று நினைக்கிறேன்.

ஏன் என்றால், பியானோவின் முதுகில் ஒரு பெரிய ஒலிப்பலகை இருக்கிறது. மெல்லிய ஸ்புரூஸ் மரம், இலேசாக வளைந்த முதுகு. கம்பிகள் எல்லாம் அதன்மேல் ஒட்டிய பாலம் எனும் மரச்சட்டத்தில் சாய்ந்து நிற்கின்றன. மொத்தம் ஏறக்குறைய 230 கம்பிகள்; எல்லாவற்றின் இழுவையையும் கூட்டினால் 18 தொன் அளவுக்கு வரும். மாரியில் அந்தப் பலகை ஈரம் குடித்து உப்பும், பாலம் மேலே தள்ளும், கம்பி இறுகிச் சுருதி ஏறும். வெயிலும் வறண்ட கச்சான் காற்றும் வந்தால் பலகை காய்ந்து இறங்கும், சுருதியும் கூடவே இறங்கும். (கச்சான் என்று நான் சொல்வது காற்றை, கொறிக்கிற நிலக்கடலைக் கச்சானுக்கும் பியானோவுக்கும் ஆகாது, கட்டைகளுக்கு இடையில் அதன் தோலை நிறையவே பொறுக்கியிருக்கிறேன்.) நடுப்பகுதிதான் அதிகம் ஆடும், இரு ஓரங்களும் அவ்வளவு ஆடாது. அதனால்தான் வெறுமனே இறங்கினதுபோல் இல்லாமல் பியானோ தனக்குள்ளேயே சண்டை பிடிப்பதுபோல் கேட்கும்.

உங்களுடையதை ஜனவரியில், பலகை நன்றாக உப்பியிருந்த நேரத்தில் 440க்கு, அதாவது நடுப்பகுதியின் ‘A’ சுரம் நொடிக்கு 440 தடவை அதிரும் வழக்கமான சுருதிக்கு, கொண்டுவந்திருக்கிறார். ஜூலையில் அது இறங்காமல் இருந்திருந்தால்தான் அதிசயம். மட்டக்களப்பில் பியானோ வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: ஆளைத் தேடுவதற்கு முன் மாதத்தைத் தேடுங்கள். வருடத்தில் ஒரு தடவைதான் முடியும் என்றால் மழை விட்டு ஒரு மாதமாவது போகட்டும். மார்ச் கடைசி, ஏப்ரல் நல்லது. ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் செய்யுங்கள். தேவாலயத்துப் பியானோ என்றால் கணக்கு வேறு. நத்தார் கீதங்களுக்குத்தான் அது வேண்டும், ஆகவே டிசம்பர் தொடக்கத்தில் செய்துவிட்டு ஜூலையில் முனகினால் பொறுத்துக்கொள்ளலாம்.

பல வருடமாகத் தொடாத பியானோவை ஒரே நாளில் 440க்கு ஏற்றச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். முதலில் ஒரு தடவை முரட்டுத்தனமாக ஏற்றி, பிறகு நுணுக்கமாகச் செய்தாலும் சில வாரங்களில் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். கடற்கரையில் இன்னொரு ஆபத்து கறள், அதாவது துரு. பழகும் காலத்தில் ஒரு மண்டபத்துப் பியானோவில் கறள் பிடித்த கம்பியை நேரே ஏற்றினேன். படார் என்று அறுந்து கையைக் கீறியது. முதலில் ஒரு மயிரிழை இறக்கி, கறள் விட்டுக்கொடுத்த பிறகுதான் ஏற்ற வேண்டும்.

கட்டை ஒட்டுவதற்கு வருவோம். ஒட்டுகிற கட்டையைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள். துளியும் அசையாவிட்டால் கட்டைத் துளையில் இருக்கும் ஃபெல்ட் என்ற கம்பளித் துணி ஈரத்தில் தடித்துப் பின்னை இறுக்குகிறது. அதற்கென்றே உள்ள குறட்டால் ஃபெல்ட்டை அழுத்திவிட்டால் போதும், ஐந்து நிமிட வேலை. கட்டை தாராளமாக ஆடுகிறது, உள்ளே கம்பியை அடிக்கும் சுத்தியல்தான் மெதுவாகத் திரும்புகிறது என்றால் சுத்தியலின் மூட்டுப் பின் இறுகியிருக்கிறது; அதை டியூனரிடம் விடுங்கள். எதுவானாலும் தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், கறள் நீக்கும் ஸ்பிரே ஒன்றும் வேண்டாம். ஃபெல்ட் எண்ணெயைக் குடித்தால் திரும்பத் தராது. முளைகள் செருகியிருக்கும் பலகையில் இறங்கினால் பிடிமானமே போய்விடும்.

கடல் பக்க ஜன்னலுக்கு எதிரே வைக்க வேண்டாம், வெளிச்சுவரோடு ஒட்டவும் வேண்டாம். ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இரவில் மட்டும் ஏசி போடும் அறை மோசம், ஈரம் ஏறி ஏறி இறங்கும். உள்ளே ஒரு பல்பை எரியவிடும் பழைய வழக்கம் எனக்குப் பிடிக்காது, தீப்பிடிக்கலாம். ஈரத்தை அளந்து தானாக அணையும் சூடாக்கும் தண்டைப் பொருத்தினால் நல்லது.

லீவர்? வாங்குங்கள், ஆனால் சுருதி முழுவதையும் சேர்க்கப் போகாதீர்கள். உங்கள் காது நல்ல காதாக இருந்தால் அதுவே இடைஞ்சல். ச–ப உறவு இயற்கையில் இரண்டுக்கு மூன்று, அதாவது 1.5. பியானோவில் அதை 1.4983க்கு வேண்டுமென்றே சற்றுக் குறைக்கிறோம், இல்லாவிட்டால் 12 சுரங்களும் சமமாக வராது. யாழின் சுருதிகளை ஆராய்ந்த காரைதீவு விபுலாநந்த அடிகளின் மண்ணில் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான்! நீங்கள் செய்யக்கூடியது, ஒரே கட்டையின் மூன்று கம்பிகளில் விலகியதை மற்றவற்றோடு சேர்ப்பது. ரப்பர் ஆப்பால் மூன்றாவதை அடக்கிவிட்டு, லீவரை மயிரிழை அளவு மட்டும் திருப்பி, அலை நிற்கும்வரை கேளுங்கள். முளையை வளைக்காமல் சுழற்றுங்கள்.

அப்புறம், சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கிப் பியானோவுக்கு அருகில் வையுங்கள். மேல்மூடியின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டி, டியூன் செய்த தேதியையும் அன்றைக்கு அது காட்டிய எண்ணையும் எழுதுங்கள். அடுத்து வருகிறவர் மூடியைத் திறந்ததும் முதலில் அதைத்தான் படிப்பார்.