பழைய டிரம் மெஷின் பாணியில ஒரு ஜாம் ஆப்: கேள்வி பதில்

நாலு பேர் ஆளுக்கொரு மொபைலோட உட்கார்ந்து, பிரவுசர்லயே சேர்ந்து வாசிக்கிற ஆப் பத்தி மலைப்பக்கத்து நண்பர்கள் கேட்டதுக்கு என் பதில்கள்.

கோத்தகிரி: அண்ணா, நானும் கோவையில இருக்கிற ஃப்ரெண்டும் ஆன்லைன்ல வாசிச்சா தாளம் தள்ளிப் போகுது. நெட் ஸ்பீடு கூட்டினா சரியாகுமா?

ஆகாது தம்பி. ஸ்பீடு வேற, தாமதம் வேற. சத்தம் நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். மேடையில 10 மீட்டர் தள்ளி நின்னாலே 29 மில்லி செகண்ட் பிந்தித்தான் காதுக்கு வரும். அதுக்கு மேல போனா கை தடுமாற ஆரம்பிக்கும். மொபைல் டேட்டால சுலபமா அதைத் தாண்டிடும், மழைநாள்ல சிக்னல் ஏறி இறங்கினா கேட்கவே வேண்டாம். அதனால சத்தத்தை அனுப்பவே அனுப்பாதீங்க. தாளத்தோட எந்தக் கட்டத்துல எந்தப் பட்டன்னு மட்டும் வெப்சாக்கெட்ல (பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவுல திறந்தே இருக்கிற இணைப்பு) அனுப்புங்க. சத்தத்தை அவங்கவங்க மொபைலே உண்டாக்கட்டும். 1980-ல வந்த ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷின்ல இருக்கிற 16 பட்டன் வரிசையை அப்படியே எடுத்துக்கலாம். 16 பட்டனும் சேர்ந்து நாலு அடி, அதுதான் ஒரு சுத்து. 120 டெம்போல (நிமிஷத்துக்கு 120 அடி) ஒரு சுத்துக்கு 2 நொடி. இப்ப அழுத்தினது அடுத்த சுத்துல ஒலிக்கட்டும். 200 மில்லி செகண்ட் தாமதம் இருந்தாலும் யாருக்கும் தெரியாது.

குன்னூர்: எல்லா மொபைல்லயும் சுத்து ஒண்ணா ஆரம்பிக்கணுமே?

சர்வர்கிட்ட நேரம் கேளுங்க, பதில் வர ஆன நேரத்துல பாதியைக் கூட்டிக்கோங்க. பல தடவை கேட்டு, எது சீக்கிரம் திரும்பி வந்ததோ அதை நம்புங்க. அப்புறம் பிரவுசரோட சாதாரண டைமரான செட்டைம்அவுட்டை வச்சு நேரடியா தாளம் அடிக்காதீங்க, அது ஆடும். 25 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்து, அடுத்த 100 மில்லி செகண்டுக்கான சத்தங்களை வெப் ஆடியோ (பிரவுசர்ல சத்தம் உண்டாக்குற வசதி) கடிகாரத்துல முன்கூட்டியே பதிஞ்சு வைங்க.

ஊட்டி, கல்லூரி மாணவி: அண்ணா, கேம் பாய் சத்தம் எப்படிக் கொண்டுவர?

1989-ல வந்த அந்தக் கையடக்க வீடியோ கேம் கருவியில நாலே சேனல்: ரெண்டு பல்ஸ் (மேலயும் கீழயும் மட்டும் தாவுற அலை), ஒரு வேவ் (நாமளே வடிவம் கொடுக்கிற அலை), ஒரு நாய்ஸ் (இரைச்சல்). ஆளுக்கு ஒண்ணு கொடுத்துடுங்க, ஜாமுக்கு இதைவிட நல்ல பங்கீடு எனக்குத் தெரியலம்மா. வெப் ஆடியோவோட ஆசிலேட்டர்ல (அலை உண்டாக்குற பகுதி) ‘ஸ்கொயர்’னு போட்டா, பாதி நேரம் மேல நிக்கிற 50 சதவீத பல்ஸ்தான் வரும், அந்த மூக்கடைச்ச 25 சதவீத ஒலிக்கு பீரியாடிக் வேவ்னு ஒரு அலை வடிவத்தை நீங்களே கட்டணும். நாய்ஸுக்கு ஒரு பஃபர் (ஒலித் தரவு வைக்கிற இடம்) முழுக்க ரேண்டம் எண்களை நிரப்பினா போதும். முதல்ல ஒரு ‘ஸ்டார்ட்’ பட்டன் வைங்க. பயனர் தொடாம பிரவுசர் சத்தம் போட விடாது.

பூம்பாறை: நெட்டே இல்லாத இடத்துல ஓடுமா?

ஓடும். லேப்டாப்பையே சர்வராக்கி, ஒரு ரவுட்டர்ல எல்லாரையும் சேர்த்துடுங்க. ஆனா எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) இல்லாம லேப்டாப்போட ஐபி நம்பர்ல திறந்தா மைக்கும், ஒலியை நாமளே கோட் எழுதி உண்டாக்குற ஆடியோ வொர்க்லெட்டும் கிடைக்காது. ஆசிலேட்டர், பஃபரோட நிறுத்திக்கோங்க.

கோத்தகிரி: நீலகிரிப் பழங்குடி கோத்தர்களோட கொள் (ஊதுற குழல்), தபட்க் (பறை மாதிரி) சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி ஆப்ல போடலாமா?

ஊர்ப் பெரியவங்ககிட்ட கேட்டு, அவங்க சம்மதிச்சா மட்டும். அவங்க இசையில தெய்வத்துக்கான மெட்டு தனி, சாவுக்கான மெட்டு தனி. சாவு மெட்டை யாரோ பட்டன் தட்டி பார்ட்டில ஒலிக்க விடுறது அவங்களை நோகடிக்கும். சம்மதம் கிடைச்சாலும் தனி அடி, தனி சுரம்னு மட்டும் எடுங்க, வாசிச்சவங்க பேரை ஆப்லயே போடுங்க.

கொடைக்கானல்: சங்கீதம் தெரியாதவங்க அபஸ்வரம் தட்டினா?

மோகன ராகத்தோட அஞ்சு சுரத்தை மட்டும் பட்டன்ல வைங்க. எதைத் தட்டினாலும் உறுத்தாது.

குன்னூர்: புளூடூத் ஸ்பீக்கர் சரிப்படுமா?

படாது. தட்டினதுக்கும் கேட்கிறதுக்கும் நடுவுல இடைவெளி வந்துடும். வயர் போட்ட ஸ்பீக்கரே வாங்குங்க.