பூச்சிகளின் பி குரோமோசோம்களில் மரபணுக்கள் இயங்குகின்றனவா?

பி குரோமோசோம்கள் (வழக்கமான குரோமோசோம்களுக்கு மேல் சில உயிர்களிடம் மட்டும் இருக்கும் உபரிக் குரோமோசோம்கள்) வெறும் சுமை, அவற்றில் எந்த மரபணுவும் இயங்குவதில்லை என்று படித்ததாகவும், அது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்மையில்லை. ஒரு பூச்சியிலாவது, அத்தகைய குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவை அடக்கிப் பார்த்து அதன் வேலையையே கண்டுபிடித்துவிட்டார்கள்.

நேசோனியா விட்ரிபெனிஸ் என்பது ஈக்களின் கூட்டுப்புழுக்களில் முட்டையிடும் சிறு குளவி. இதில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். பெண்ணுக்குத் தாயிடமிருந்து 5, தந்தையிடமிருந்து 5 குரோமோசோம்கள். ஆணுக்குத் தாய் தந்த 5 மட்டும். சில ஆண்களிடம் இவை போக, பிஎஸ்ஆர் என்ற குட்டி பி குரோமோசோம் ஒன்றும் இருக்கிறது. அது விந்தணுவோடு முட்டைக்குள் நுழைகிறது. முதல் செல் பிரிவின்போது தந்தையின் 5 குரோமோசோம்களும் பிரிய முடியாத ஒரு திரளாகச் சுருண்டு அழிகின்றன. பிஎஸ்ஆர் மட்டும் தப்பித்துத் தாயின் குரோமோசோம்களோடு சேர்ந்துகொள்கிறது. பெண்ணாக வேண்டிய கரு, பிஎஸ்ஆரைச் சுமக்கும் ஆணாகிவிடுகிறது. ஆண் குளவியில் விந்தணு உருவாகும்போது குரோமோசோம் எண்ணிக்கை பாதியாவதில்லை என்பதால், அடுத்த தலைமுறைக்கும் அதற்கு வழி திறந்தே இருக்கிறது. தன்னைச் சுமந்து வந்த மரபுத்தொகுதி முழுவதையும் ஒவ்வொரு தலைமுறையிலும் அழித்துப் பிழைக்கும் இதைவிடக் கொடிய ஒட்டுண்ணியை நான் அறியேன்.

1988இல் வெர்ரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதை விவரித்தபோது, எப்படி நடக்கிறது என்பது புதிராக இருந்தது. பிஎஸ்ஆரில் திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ வரிசைகள் ஏராளம். குரோமோசோம்களைப் பதப்படுத்தத் தேவையான புரதங்களை அவை ஈர்த்து வைத்துக்கொள்கின்றன என்றொரு விளக்கம் இருந்தது. அது சரியானால் மரபணுவே தேவையில்லை.

மரபணு இயங்கும்போது அதிலிருந்து ஆர்என்ஏ என்ற படி எடுக்கப்படும். 2013இல் குளவியின் விந்தகத்தில் எடுத்த ஆர்என்ஏவில், பிஎஸ்ஆரிலிருந்து மட்டுமே வரக்கூடிய படிகள் கிடைத்தன. படி இருக்கிறது என்பதாலேயே அதற்குப் பயன் இருக்கிறது என்றாகாது. 2020இல்தான் முடிச்சு அவிழ்ந்தது. ஹாப்லாய்டைசர் என்ற பிஎஸ்ஆர் மரபணுவை, அதன் ஆர்என்ஏ படிகளை அழிக்கும் ஆர்என்ஏ குறுக்கீட்டு முறையில் ஆண் குளவிகளில் அடக்கினார்கள். அந்த ஆண்களுக்கு மகள்கள் பிறந்தன! தந்தையின் குரோமோசோம்கள் தப்பிவிட்டன. டிஎன்ஏவைப் பற்றிக்கொள்ளும் பகுதி கொண்ட ஒரு புரதத்துக்கான குறிப்பு அந்த மரபணுவில் இருக்கிறது. என்னை மலைக்க வைப்பது கால இடைவெளி: மரபணு இயங்குவது தந்தையின் விந்தகத்தில், விளைவு தெரிவதோ கருவுற்ற பிறகு, வேறொரு உடலில்.

எல்லா பி குரோமோசோம்களும் இப்படியல்ல. ஐப்ரெபோக்னெமிஸ் ப்ளோரன்ஸ் என்ற வெட்டுக்கிளியின் பி குரோமோசோமில் ரைபோசோம் (செல்லில் புரதம் தயாரிக்கும் அமைப்பு) ஆர்என்ஏ மரபணுக்கள் நிறைய உள்ளன. பெரும்பாலும் உறங்கிக் கிடக்கின்றன, சில இடங்களின் வெட்டுக்கிளிகளில் மட்டும் விழித்துக்கொள்கின்றன. புரதம் தரும் சில மரபணுக்களும் அதில் இயங்குவதாகக் கண்டிருக்கிறார்கள்.

இது பற்றிய ஆய்வுக் கட்டுரை எதைப் படித்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். பி குரோமோசோமின் மரபணுக்கள் பலவும் சாதாரணக் குரோமோசோம்களிலிருந்து வந்த நகல்கள். எனவே கிடைத்த ஆர்என்ஏ எந்த நகலுடையது என்பதை டிஎன்ஏ எழுத்து வரிசையில் உள்ள வேறுபாடுகளைக் கொண்டும், பி இல்லாத பூச்சிகளோடு ஒப்பிட்டும் பிரித்துக் காட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.