ஐஸ் தொட்டி எங்கே என்று கேளுங்கள்

கேள்வி: டாலஸ் பக்கம் வசிக்கிறோம். 17 வயது மகன் பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் லைன்மேன் (முன்வரிசையில் எதிரணியை முட்டித் தடுப்பவன்), எடை 128 கிலோ. ஆகஸ்டில் பயிற்சி தொடங்குகிறது. முதல் வாரமே ஓட்டத் தேர்வு இருக்குமாம். தொழில்முறை வீரர்களுக்கு வைக்கிற தேர்வை வீடியோவில் பார்த்துவிட்டு, தினமும் சாயங்காலம் தெருவில் தனியாக ஓடுகிறான். நாடித்துடிப்பு 192 போகிறது. முடித்ததும் வாந்தி, ராத்திரி கெண்டைக்கால் பிடிப்பு. தசை வலுவுக்கு என்று கிரியாட்டின் பொடியும், ஓடும் முன் ஏதோ ஒரு எனர்ஜி பானமும் குடிக்கிறான். நானே லேபில் ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தேன், கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு 1.3. கிட்னி பாதித்துவிட்டதா? ஃபுட்பால் வீரர் டாமர் ஹாம்லின் மைதானத்தில் இதயம் நின்று விழுந்த வீடியோவையும் பார்த்தேன். 2001-ல் பயிற்சி முகாமில் இறந்த மின்னசோட்டா வீரரைப் பற்றிப் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. பையில் டைலனால் என்ற காய்ச்சல் மாத்திரையும் காது தெர்மாமீட்டரும் வைத்து அனுப்பலாம் என்றிருக்கிறேன். இவனுக்கும் அப்படி ஆகிவிடுமா டாக்டர்?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன் அம்மா. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான்.

நீங்கள் படித்த அந்த வீரர், கோரி ஸ்ட்ரிங்கர், திடீரென்று இறக்கவில்லை. மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியின் லைன்மேன், 27 வயது, எடை 150 கிலோவுக்கும் மேல். முகாம் நடந்தது மேன்கேட்டோ ஊரில். 2001 ஜூலை 30 அன்று பயிற்சியை முடிக்க முடியாமல் வெளியேறினார். மறுநாள் வாந்தி எடுத்துக்கொண்டே முழுப் பயிற்சியையும் முடித்தார். அப்புறம் தரையில் படுத்தவரை ஏசி போட்ட இடத்துக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவமனையில் பார்த்தபோது உடல் வெப்பம் 108.8 டிகிரி. ஆகஸ்ட் 1 விடிவதற்குள் உயிர் போய்விட்டது. முந்தின நாளே உடம்பு சொல்லிவிட்டது. கடைசி ஒரு மணி நேரத்திலும் அவகாசம் இருந்தது. ஏசி காற்று போதாது, அந்த உடம்பை ஐஸ் தண்ணீரில் இறக்கியிருக்க வேண்டும். தடுக்கக்கூடிய மரணம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பெரிய உடம்புக்காரர்களைத்தான் வெயில் முதலில் பிடிக்கும். ஓடும்போது தசை உண்டாக்கும் சூடு எடைக்கு ஏற்ப ஏறுகிறது. அதை வெளியேற்ற வேண்டிய தோலின் பரப்பு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. அதன்மேல் ஹெல்மெட்டும் தோள் கவசமும் போட்டால் வியர்வை காய வழியில்லை. இந்த ஆட்டத்தில் ஹீட் ஸ்ட்ரோக்கில் (உடல் சூடு எல்லை மீறி மூளையைத் தாக்குவது) இறந்தவர்களில் லைன்மேன்களே அதிகம், அதுவும் ஆகஸ்ட் மாதத்தில், பயிற்சியின் முதல் சில நாட்களில். உங்கள் மகன் லைன்மேன், மாதம் ஆகஸ்ட், ஊர் டெக்சஸ். ஆகவே உங்கள் பயம் நியாயமானது. அதை வைக்க வேண்டிய இடம்தான் வேறு.

நீங்கள் பார்க்க வேண்டிய அறிகுறி ஒன்றே ஒன்று: வெயிலில் ஓடுகிறவனின் பேச்சும் புத்தியும் மாறுவது. காரணமில்லாமல் எரிந்து விழுவான், கேட்டதையே திரும்பக் கேட்பான், தள்ளாடுவான், இடம் தெரியாமல் முழிப்பான். அந்த நிமிடமே அது ஹீட் ஸ்ட்ரோக் என்று வைத்துக்கொண்டு செயல்பட வேண்டும். வியர்வை நின்று தோல் காய்ந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று இணையத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். உழைத்துச் சூடேறிய விளையாட்டு வீரனுக்கு இது பொருந்தாது. சொட்டச் சொட்ட வியர்த்துக்கொண்டே 107 டிகிரியில் இருப்பான். அதே சமயம், கடுமையாக ஓடி முடித்த ஆரோக்கியமான வீரனுக்கு 103, 104 காட்டலாம். புத்தி தெளிவாக இருந்தால் அவன் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தால் சரியாகிவிடுவான். வித்தியாசம் மூளையில் தெரிகிறது.

நானே ஒரு கோடை முகாமில் இதைப் பார்த்தேன். இவன் அளவு பையன். ஏழாவது ஓட்டம் முடித்து வந்தவன், கழற்றிக் கீழே வைத்துவிட்ட ஹெல்மெட்டின் வாரை இன்னும் தாடைக்குக் கீழே விரலால் தேடிக்கொண்டிருந்தான். இன்று என்ன கிழமை என்றேன். “ஓடிட்டேன் சார்” என்றான். அவ்வளவுதான். நான்கு பேர் சேர்ந்து, அக்குளுக்குக் கீழே துண்டைக் கொடுத்துத் தாங்கி, ஐஸ் மிதக்கும் தொட்டியில் கழுத்து வரை இறக்கினோம். மலக்குடலில் வைத்த தெர்மாமீட்டர் 106-க்கு மேல் காட்டியது. கையால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் உடம்பை ஒட்டிய நீர் வெதுவெதுப்பாகிவிடும். பன்னிரண்டு நிமிடத்தில் 102-க்கு இறங்கியது. பல் தந்தியடிக்க, “யார் என்னை இதில் போட்டது?” என்று திட்டினான். அந்தத் திட்டைக் கேட்டபின்தான் எனக்கு மூச்சு வந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றியது அதற்கப்புறம்.

இந்த வரிசையை மாற்றவே கூடாது: முதலில் குளிர்விப்பது, பிறகுதான் மருத்துவமனை. மாசசூசெட்ஸில் ஃபால்மத் என்ற ஊரில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஓட்டப்பந்தயம் நடக்கும். 18 பந்தயங்களில் 274 பேருக்கு ஹீட் ஸ்ட்ரோக் வந்தது. அங்கேயே ஐஸ் தொட்டியில் இறக்கினார்கள், ஒருவர்கூடச் சாகவில்லை. மறுபக்கம், 2018 மே 29 அன்று மேரிலண்ட் பல்கலைக்கழகத்தில் 110 கெஜ ஓட்டங்கள் பத்து வைத்தார்கள். ஜோர்டன் மெக்நேர், 19 வயது, அவனும் லைன்மேன். தடுமாறத் தொடங்கி ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவசர உதவிக்கு 911-ஐ அழைத்தார்கள். ஐஸ் நீரில் இறக்கவே இல்லை. ஜூன் 13 அன்று இறந்துபோனான். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

ஆகவே நாளைக்கே பள்ளிக்குப் போங்கள். தேர்வு நடக்கும் மைதானத்தில், ஓட்டம் தொடங்கும் முன்பே, தண்ணீரும் ஐஸும் நிரப்பிய தொட்டி தயாராக இருக்குமா? அத்லெட்டிக் டிரெய்னர் (வீரர்களின் உடல்நிலையையும் காயங்களையும் கவனிப்பவர்) களத்தில் நிற்பாரா? மலக்குடல் தெர்மாமீட்டர் வைத்திருக்கிறாரா? கூச்சப்படாமல் கேளுங்கள். காது, நெற்றி, வாய் தெர்மாமீட்டர்கள் எல்லாம் இந்த நேரத்தில் பொய் சொல்லும். உள்ளே 106 கொதிக்கும்போது 100 காட்டி உங்களை ஏமாற்றும். உங்கள் காது தெர்மாமீட்டர் வீட்டிலேயே இருக்கட்டும். “ஐஸ் பாக்கெட் வைத்திருக்கிறோம்” என்று பதில் வந்தால் விடாதீர்கள். அக்குளில் இரண்டு பாக்கெட் வைப்பது இந்த உடம்புக்குப் போதவே போதாது.

டைலனாலைத் தூக்கி எறியுங்கள். காய்ச்சலுக்குத்தான் அது வேலை செய்யும். இது காய்ச்சல் இல்லை, தசை உண்டாக்கிய சூடு. ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும் ஈரலுக்கு அது கூடுதல் சுமை. பையனுக்குப் புத்தி தடுமாறும்போது வாயில் தண்ணீரோ மோரோ ஊற்றவும் வேண்டாம், புரையேறிவிடும்.

இனி மற்றவை. 17 வயதுக்காரனுக்கு முழு வேக ஓட்டத்தில் 192 துடிப்பு இயல்பு. கெண்டைக்கால் பிடிப்பு இயல்பு. ஓடி முடித்ததும் ஒரு தடவை வாந்தி எடுத்து, பத்து நிமிடத்தில் சிரித்துப் பேசினால் அதுவும் பரவாயில்லை. நிற்காமல் வாந்தி எடுத்தால் அன்றைய பயிற்சி முடிந்தது, மறுநாளும் வேண்டாம். கிரியாட்டின் பொடி சாப்பிடும், தசை நிறைந்த பையனுக்கு கிரியாட்டினின் 1.3 வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, அந்தப் பொடியே உடம்புக்குள் கிரியாட்டினினாக மாறுகிறது. மருத்துவர் கேட்காத பரிசோதனையை நீங்களாகச் செய்துவிட்டு, வந்த எண்ணை கூகுளில் தேடி அழுவதை தயவுசெய்து நிறுத்துங்கள். ஹாம்லினுக்கு நேர்ந்தது வேறு: 2023 ஜனவரி 2 அன்று மார்பில், இதயத்துடிப்பின் ஒரு நுண்ணிய இடைவெளியில் விழுந்த அடி. ஓட்டத் தேர்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடுத்த சீசனில் அவர் திரும்ப ஆடினார். ஆனால் உங்கள் மகன் ஓடிக்கொண்டிருக்கும்போதே எப்போதாவது மயங்கி விழுந்திருந்தால், அல்லது குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் திடீரென்று இறந்திருந்தால், இதய மருத்துவரைப் பார்க்காமல் களத்தில் இறக்காதீர்கள்.

சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் குறைவு, அவ்வளவே. கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றே எமர்ஜென்சி, தசை சிதைகிறது என்று அர்த்தம். அயோவா பல்கலைக்கழகத்தில் 2011 ஜனவரியில், விடுமுறை முடிந்து வந்ததும் கொடுத்த கடும் பயிற்சியால் 13 வீரர்கள் இப்படித்தான் மருத்துவமனையில் படுத்தார்கள்.

சிக்கிள் செல் மரபுக்கூறு (ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் போல வளைய வைக்கும் பரம்பரைக் கூறு) உண்டா என்றும் பார்த்துவிடுங்கள். 2006-ல் ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் 100 கெஜ ஓட்டம் 16 முறை ஓடிய டேல் லாய்ட் இறந்தது அதனால்தான். அவர் குடும்பம் தொடுத்த வழக்குக்குப் பிறகுதான் அமெரிக்காவில் கல்லூரி வீரர்களுக்கு இந்தப் பரிசோதனை வந்தது. தம்பி அமெரிக்காவில் பிறந்தவன் என்றால் பிறந்தபோதே பரிசோதித்திருப்பார்கள், குழந்தை மருத்துவரிடம் முடிவைக் கேளுங்கள். நம்மவர்களுக்கு இது வராது என்று இருந்துவிடாதீர்கள், நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952-லேயே கண்டறிந்திருக்கிறார்கள்.

அந்த எனர்ஜி பானத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இதில் எனக்குப் பொறுமை கிடையாது. பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர் 2003-ல் ஃபுளோரிடா முகாமில் ஹீட் ஸ்ட்ரோக்கில் இறந்தபோது, எபெட்ரா என்ற ஊக்கமூட்டும் மூலிகை கலந்த மாத்திரையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. மறு ஆண்டே எபெட்ரா தடை செய்யப்பட்டது. இப்போதைய எனர்ஜி பானப் பொடிகளில் எபெட்ரா இருக்காது, ஆனால் ஒரே கரண்டியில் மூன்று கப் காப்பிக்குச் சமமான காஃபின் இருக்கலாம். களைப்பை மறைப்பதுதான் அதன் வேலை. களைப்பு தெரிந்தால்தானே பையன் நிறுத்துவான்.

அவன் தெருவில் ஓடிப் பார்க்கும் தேர்வு பெரும்பாலும் 2010-ல் வாஷிங்டன் அணி ஆல்பர்ட் ஹேன்ஸ்வொர்த்துக்கு வைத்ததாக இருக்கும்: 25 கெஜத்துக்குப் போய்வந்து மொத்தம் 300 கெஜம், 70 வினாடிக்குள், மூன்றரை நிமிட ஓய்வு, திரும்ப 300 கெஜம், 73 வினாடிக்குள். பெரிய தொகைக்கு ஒப்பந்தமாகி வந்தவர். முதலில் தேறவில்லை, ஏறக்குறைய பத்து நாள் கழித்துத்தான் தேறினார். ஊரே பேசியது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. தேர்வில் தோற்பதால் யாரும் சாவதில்லை அம்மா. தோற்கக் கூடாது என்று ஓடுவதில்தான் ஆபத்து. இதை அவனிடம் நீங்கள் சொன்னால் கேட்பானோ என்னவோ, அப்பாவைச் சொல்லச் சொல்லுங்கள்.

வெயிலுக்கு உடம்பு பழக பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதற்கு முன், முதல் வாரத்திலேயே நேரம் குறித்துத் தேர்வு வைப்பது சரியில்லை என்று கோச்சிடம் பெற்றோர்கள் நாலு பேர் சேர்ந்து பேசுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அதிகாலையில், ஹெல்மெட் இல்லாமல் வைக்கச் சொல்லுங்கள். தம்பியும் சாயங்கால வெயிலில் தனியாக ஓட வேண்டாம், காலையில் துணையோடு ஓடட்டும்.

துணை வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. புத்தி தடுமாறுகிறவனுக்குத் தன் புத்தி தடுமாறுவது தெரியாது, “நான் நல்லாத்தான் இருக்கேன்” என்றுதான் சொல்வான். அதனால் அவனை மட்டும் உட்காரவைத்து இதைச் சொல்லிப் பயனில்லை. அவனோடு ஓடும் இரண்டு பையன்களையும் ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்கள். பக்கத்தில் ஓடுகிறவன் உளறினால் கடிகாரத்தைப் பார்க்காமல் டிரெய்னரைக் கத்திக் கூப்பிட வேண்டும் என்று மூன்று பேரிடமும் சேர்த்துச் சொல்லுங்கள்.